கடல் ஒண்ணு, உப்பு ஒண்ணு... விலை மட்டும் ஏன் நாலு? மளிகைக் கடை சொல்லும் எகனாமிக்ஸ்!

அதிராம்பட்டினத்தில் ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குப் போய், ``காக்கா, ஒரு உப்பு குடுங்க'' என்று கேட்டுப்பாருங்கள். (அதிரையில் அண்ணனுக்குப் பேர் காக்கா!) உப்பு வராது. முதலில் கேள்விதான் வரும். ``கல் உப்பா, தூள் உப்பா? எந்தக் கம்பெனி?''

அலமாரியைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு கிலோ தூள் உப்பிலேயே நாலைந்து கம்பெனி. பக்கத்தில் கல் உப்பு பாக்கெட். அதற்கு மேல் தட்டில் `லோ சோடியம்'. சூப்பர் மார்க்கெட் என்றால், கண்ணாடி ஜாடிக்குள் பிங்க் கலரில் இந்துப்பு வேறு. விலையோ ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்குப் பக்கத்திலேயே உப்பளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று உப்பு விளையும் ஊர்களை எண்ணினால் அந்தப் பட்டியலில் அதிரைக்கும் இடம் உண்டு. உப்பு விளைகிற ஊரிலேயே, குஜராத்தில் தயாரான பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போடுகிறோம். ஏன்?

`ருசிதான்', `விளம்பரம்தான்', `அம்மா அதைத்தான் வாங்குவாங்க' என்று ஆளுக்கொரு பதில் இருக்கும். இந்தக் கேள்வியைப் பொருளாதார நிபுணர்கள் கிட்டத்தட்ட நூறு வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். போட்டி போடும் இரண்டு பொருள்களில் ஒன்றை எதற்காக எடுக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் இருக்கும் விடைகளை, உப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஏனென்றால், உப்பைவிட `ஒரே மாதிரி' இருக்கும் பொருள் கடையில் வேறெதுவும் இல்லை.

உப்பளத்தில் எல்லாம் ஒண்ணுதான்!

உப்பு விளையும் கதை சிம்பிள். கடல்நீரைப் பாத்திகளில் கட்டி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்திக்கொண்டே போவார்கள். வெயில் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, நீர் கெட்டியாகும். இந்த அடர்த்தியை `போமே' என்ற டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. அது 24, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிகமாகக் கீழே இறங்கும். அதைத்தான் வாரி, வரப்பில் வெள்ளை மலையாகக் குவிக்கிறார்கள்.

குஜராத்திலும் இதே வெயில், இதே வேதியியல். பெரிய கம்பெனிகள் சில, உப்பு நீரை மெஷினில் ஆவியாக்கி, பொடிப்பொடியாகச் சுத்தமாக எடுக்கின்றன. அது நிஜமான வித்தியாசம்தான். ஆனால், எந்த முறையில் எடுத்தாலும் கடைசியில் கிடைப்பது சோடியம் குளோரைடு. இந்தியாவில் விற்கும் அயோடின் கலந்த உப்பில், ஈரப்பதம் நீக்கிப் பார்த்தால் குறைந்தது 96 சதவிகிதம் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்ட விதி. ஆக, விலை குறைந்த பாக்கெட்டும் விலை கூடின பாக்கெட்டும் மோதிக்கொள்வது மிச்சமிருக்கும் அந்த நாலு சதவிகிதத்துக்குள்தான்.

அப்புறம் எப்படி விலை இரண்டு மடங்காகிறது?

நாம வாங்குறது உப்பை இல்ல!

1966-ல் கெல்வின் லங்காஸ்டர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு புதுக் கோணத்தைச் சொன்னார். `மனிதர்கள் பொருளை வாங்குவதில்லை. பொருளுக்குள் இருக்கும் குணங்களை வாங்குகிறார்கள்' என்பதுதான் அதன் சாரம்.

உப்பில் வைத்துப் பாருங்கள். ஆம்லெட் மேல் தூவ வேண்டுமா? சட்டென்று கரைய வேண்டும், கட்டி தட்டக்கூடாது. தூள் உப்புதான். ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் ஒரு கை அள்ளிப் போட வேண்டுமா? கல் உப்பு. நம்மூர் அம்மாக்களின் கை அளவு கல் உப்புக்குப் பழகினது. தூள் உப்பை அதே கையால் அள்ளினால் குழம்பு கரித்துவிடும். கருவாடு போட வேண்டுமா? மூட்டை மூட்டையாகக் கல் உப்பு வேண்டும். அங்கே பாக்கெட் பேச்சே கிடையாது. ரத்தக் கொதிப்பு இருக்கிறதா? சோடியம் குறைந்த உப்பு.

பெயர் ஒன்றே. ஆனால் `கரைவது', `கைக்கு அடங்குவது', `மலிவு', `உடம்புக்கு ஒத்துப்போவது' என்று குணங்கள் வேறு. ஒவ்வொருவரும் தனக்கு எந்தக் குணம் முக்கியமோ அதற்கு மனதுக்குள் மார்க் போட்டு, விலையைக் கழித்துவிட்டு, மிச்சம் எதில் அதிகமோ அதை எடுக்கிறார்கள். இதையெல்லாம் நாம் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. ஆனால், அப்படிக் கணக்குப் போட்ட மாதிரிதான் நடந்துகொள்கிறோம் என்கிறது தியரி.

இதற்குத் தமிழ்நாடு அரசே ஒரு நல்ல உதாரணம் கொடுத்திருக்கிறது. 2014-ல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் `அம்மா உப்பு' என்று மூன்று வகையை இறக்கியது. சாதாரண அயோடின் தூள் உப்பு கிலோ 10 ரூபாய். இரும்புச்சத்தும் அயோடினும் கலந்தது 14 ரூபாய். சோடியம் குறைந்தது 21 ரூபாய். ஒரே நிறுவனம், ஒரே பெயர், மூன்று விலை! விற்பவர் மாறவில்லை, உள்ளே இருக்கும் குணம் மாறியது. அதற்குத் தகுந்த மாதிரி விலையும் மாறியது. லங்காஸ்டர் சொன்னது இதைத்தான்.

சிவப்பு பஸ்ஸும் நீல பஸ்ஸும்

இந்த மனக்கணக்கை நிஜமான கணக்காக மாற்றியவர், டேனியல் மெக்ஃபேடன். 2000-ம் ஆண்டு பொருளாதார நோபல் வாங்கியவர். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் `பார்ட்' என்ற புது ரயில் வருவதற்கு முன்பே, `எத்தனை சதவிகிதம் பேர் இதில் போவார்கள்' என்று கணித்தார். அரசுத் தரப்புக் கணிப்பு 15 சதவிகிதம். மெக்ஃபேடன் சொன்னது 6.3. ரயில் ஓடிய பிறகு வந்த நிஜக் கணக்கு 6.2!

இந்த மாதிரிக் கணக்குகளில் ஒரு பொறி உண்டு. அதற்கு `சிவப்பு பஸ் - நீல பஸ்' என்று செல்லப்பெயர். நம்ம ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

அதிரையிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் பாதிப் பேர் பைக்கில் போகிறார்கள், பாதிப் பேர் சிவப்பு பஸ்ஸில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே நேரத்துக்கு, அதே டிக்கெட்டில், நீல பஸ் ஒன்று விடுகிறார்கள். இனி மூன்று வழி. மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று பிரிந்துவிடுமா? ஆகாது. பைக்காரர் எதற்காக பஸ்ஸின் பெயின்ட்டைப் பார்த்து மனசு மாறப்போகிறார்? சிவப்பு பஸ்ஸில் போன கூட்டம்தான் இரண்டாகப் பிரியும்.

உப்புக் கடையிலும் இதே கதைதான். புதுசாக ஒரு தூள் உப்பு பிராண்டு வந்தால், அது கல் உப்பு வாங்குபவரை அசைக்காது. இன்னொரு தூள் உப்பின் வாடிக்கையாளரைத்தான் பறிக்கும். யார் யாரோடு நிஜமாகப் போட்டி போடுகிறார்கள் என்பதை அலமாரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்குபவர் மனதில் எது எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படியென்றால், கிட்டத்தட்ட நகல் மாதிரி இருக்கும் இரண்டு தூள் உப்புகளில் ஒன்று எப்படிக் கூடுதல் விலைக்கு விற்கிறது? இங்கேதான் `பெயர்' வேலைக்கு வருகிறது.

மூட்டைக்குப் பேர் கிடையாது, பாக்கெட்டுக்கு உண்டு

பாக்கெட் வருவதற்கு முன், மளிகைக் கடை வாசலில் சாக்கு மூட்டையில் உப்பு இருக்கும். படியால் அளந்து கொடுப்பார்கள். எந்த அளத்து உப்பு, யார் வாரினது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் கிடையாது. பெயர் இல்லாத பொருளுக்கு ஒரே போட்டிதான் உண்டு: விலை. நீங்கள் ஒரு பைசா கூட்டினால், வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இதிலிருந்து தப்பிக்க, பொருளைக் கொஞ்சம் `வேற மாதிரி' ஆக்க வேண்டும். அமெரிக்காவின் மார்ட்டன் கம்பெனி 1911-ல் உப்பில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து, மழை நாளிலும் கட்டி தட்டாமல் கொட்டும்படி செய்தது. 1914-ல் குடை பிடித்து நடக்கும் ஒரு சின்னப் பெண்ணின் படத்தைப் பெட்டியில் போட்டது. உப்புக்கு முகம் கிடைத்துவிட்டது! இந்தியாவில் 1983-ல் டாடா, குஜராத்தின் மித்தாப்பூரில் எடுத்த அயோடின் உப்பைப் பாக்கெட்டில் போட்டு, நாடு முழுக்க ஒரே பெயரில் கொண்டுவந்தது. பிறகு மற்ற பெரிய கம்பெனிகள் வரிசை கட்டின.

இந்த விளையாட்டுக்கு 1933-லேயே இலக்கணம் எழுதினார் எட்வர்ட் சேம்பர்லின். அவர் சொன்னதைச் சுருக்கினால்: ஒவ்வொரு கம்பெனியும் தன் பொருளைச் சின்ன அளவிலாவது தனித்துக் காட்டும், அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் அது ஒரு குட்டி ராஜா. விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் எல்லோரும் ஓடிவிட மாட்டார்கள்.

`அப்போ பிராண்டு என்றாலே ஏமாத்து வேலையா?' இல்லை, அவசரப்படாதீர்கள். சாக்கு மூட்டைக் காலத்தில் ஒரு நிஜப் பிரச்னை இருந்தது. விற்பவருக்குத் தெரிந்த தரம், வாங்குபவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்று, பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து 1970-ல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லோஃப். 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இதற்கு ஒரு மருந்து, பெயர். பாக்கெட்டில் பெயரும் முகவரியும் இருந்தால், தரம் கெட்டால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியும். பெயர் கெட்டுப்போகும் என்ற பயமே கம்பெனியை ஒழுங்காக வைத்திருக்கும். ஆக, நாம் தரும் கூடுதல் ரூபாயில் ஒரு பகுதி, நம்பிக்கைக்கான கூலி.

நாக்குக்குத் தெரியாத அயோடின்

நம்பிக்கை எங்கே மிக முக்கியம் தெரியுமா? சாப்பிட்ட பிறகும் தரம் தெரியாத இடத்தில்!

பொருளாதார நிபுணர்கள் தரத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். வாங்கும்போதே தெரிவது: சட்டையின் கலர் மாதிரி. பயன்படுத்தினால் தெரிவது: பிரியாணியின் ருசி மாதிரி. பயன்படுத்தினாலும் தெரியாதது: உப்பில் இருக்கும் அயோடின் மாதிரி. அது போதுமான அளவு இருக்கிறதா என்று நாக்கு சொல்லாது. இல்லாமல் போனால் உடம்பு சொல்லும். ஆனால் வருடக்கணக்கில் தாமதமாகச் சொல்லும். தொடர்ந்து அயோடின் குறைந்தால் கழுத்தில் தைராய்டு வீங்கும். கர்ப்பிணிக்குக் குறைந்தால், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

`கடல் உப்புதானே, அதுல இயற்கையாவே அயோடின் இருக்குமே' என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. இது தப்பு. கடலில் அயோடின் உண்டு, மீனில் உண்டு. ஆனால், வெயிலில் காய்ந்து விளையும் உப்பில் நம் தேவைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்கிற அளவுதான். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

இப்படிப்பட்ட பொருளைச் சந்தையின் போட்டிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. வாங்குபவரால் பரிசோதிக்க முடியாதே! அதனால்தான் சட்டம் உள்ளே வருகிறது. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர்கள் நேரடியாகச் சாப்பிடுவதற்கு விற்கக்கூடாது என்ற தடை, 2006 மே மாதம் முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. கடைக்கு வரும்போது உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். அதாவது பத்து லட்சம் பங்கில் 15 பங்கு.

இந்த விதி போட்டியையே மாற்றிவிடுகிறது. `எங்க உப்புல அயோடின் இருக்கு' என்பது இனி தனிப் பெருமை இல்லை. 12 ரூபாய் பாக்கெட்டிலும் இருக்க வேண்டும், 30 ரூபாய் பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். அப்படியென்றால், அந்தக் கூடுதல் 18 ரூபாய் எதற்கு?

செஃப் வீட்டுச் சமையலறையில் என்ன உப்பு?

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடியது ஓர் ஆய்வு. ப்ரோனென்பெர்க், டூபே, ஜென்ட்ஸ்கோ, ஷாபிரோ என்ற நான்கு பொருளாதார நிபுணர்கள் 2015-ல் `குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளியிட்டது. அவர்கள் கேட்ட கேள்வி செம சிம்பிள்: `விஷயம் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள்?'

அமெரிக்கக் குடும்பங்கள் கடையில் நிஜமாக வாங்கியவற்றின் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். முதலில் தலைவலி மாத்திரை. அங்கே பிரபல கம்பெனியின் மாத்திரையும் இருக்கும், அதே மருந்து அதே அளவில் கடையின் சொந்தப் பெயரில் மலிவாகவும் இருக்கும். சராசரி வாடிக்கையாளர்கள் 26 சதவிகிதம் முறை பிரபல பிராண்டை எடுத்தார்கள். மருந்தாளுநர்கள்? வெறும் 9 சதவிகிதம்!

அடுத்து, உப்பும் சர்க்கரையும் மாதிரியான சமையலறைச் சாமான்கள். வீட்டுக்கு வாங்கும்போது, தொழில்முறை செஃப்கள், அவர்களைப் போன்ற வருமானமும் வயதும் உள்ள மற்றவர்களைவிட 12 சதவிகிதப் புள்ளிகள் குறைவாகவே பிரபல பிராண்டு வாங்கினார்கள்.

கவனியுங்கள். செஃப்புக்கு நாக்குதான் மூலதனம். அவரே `உப்பு உப்புதான்பா' என்று மலிவானதை எடுக்கிறார். மருந்தைப் பற்றி நம்மைவிடப் பல மடங்கு தெரிந்தவர், தன் தலைவலிக்குப் பெயர் இல்லாத மாத்திரையைப் போடுகிறார்.

ஆக, அந்தக் கூடுதல் ரூபாயின் ஒரு பகுதி நம்பிக்கைக்கான கூலி என்றால், இன்னொரு பகுதி `தெரியாததற்கான அபராதம்'. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அந்த அபராதத்தைக் கட்டுவதில்லை. தெரியாதவர் மாதாமாதம் கட்டுகிறார். போட்டிப் பொருள்களைப் பற்றிப் பொருளாதாரம் சொல்லும் விஷயங்களிலேயே நம் பர்ஸுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

தெரிஞ்சாலும் மாற மாட்டோமே... ஏன்?

`சரி, இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கே மாத்திடுவேனா?' பெரும்பாலும் மாட்டீர்கள். அதற்கும் காரணம் உண்டு.

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீடு அந்த அளவை அப்படியே கடைப்பிடித்தால்கூட, மாதத்துக்கு 600 கிராம்தான். நிஜத்தில் கூடுதலாகத்தான் சாப்பிடுகிறோம். எப்படியும் மாதம் ஒன்றிரண்டு கிலோ பாக்கெட். அதில் 18 ரூபாய் மிச்சம் பிடிக்க, ஐந்து பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்து, ஒப்பிட்டு, வீட்டில் `ஏன் மாத்தினே' என்ற விசாரணையையும் சந்திக்க வேண்டும். தகவல் தேடுவதற்கும் ஒரு விலை உண்டு என்று 1961-லேயே சொன்னார் ஜார்ஜ் ஸ்டிக்லர். தேடும் செலவு மிச்சத்தைவிடப் பெரிசு என்றால், பழகினதையே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதில் தப்பே இல்லை.

தப்பு வேறு இடத்தில் நடக்கிறது. 1981-ல் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு கேள்வி கேட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டர், 20 நிமிட தூரத்தில் இருக்கும் இன்னொரு கடையில் 10 டாலருக்குக் கிடைக்கிறது. போவீர்களா? 68 சதவிகிதம் பேர் `போவேன்' என்றார்கள். அதே கால்குலேட்டர் 125 டாலர், அங்கே 120 என்றால்? 29 சதவிகிதம் பேர்தான் போவேன் என்றார்கள். மிச்சமாவது இரண்டிலும் அதே 5 டாலர்!

நாமும் இப்படித்தான். கீரைக்கட்டுக்கு 5 ரூபாய் பேரம் பேசுவோம். 20,000 ரூபாய் போன் வாங்கும்போது, 800 ரூபாய் கவரையும் ஸ்க்ரீன் கார்டையும் `அதையும் சேர்த்துப் போட்டுடுங்க' என்போம். பெரிய பில்லுக்குள் சின்னத் தொகை காணாமல் போய்விடும். செஃப்பின் பாடம் உப்பில் நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பது சில்லறை. அதே பாடத்தை மாத்திரையில், சார்ஜரில், முகத்துக்குப் போடும் க்ரீமில் பயன்படுத்தினால், மிச்சம் ஆயிரங்களில் வரும்.

குறிப்பாக மாத்திரை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகளில், இது சில்லறைக் கணக்கு இல்லை. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருப்பதே, அதே மருந்தை பிராண்டு பெயர் இல்லாமல் மலிவாகக் கொடுக்கத்தான். `இந்த மாத்திரையோட மருந்துப் பேர் என்ன, இதே அளவுல ஜெனரிக் இருக்கா?' என்று டாக்டரிடம் ஒரே ஒரு முறை கேட்டாலே போதும். அந்தக் கேள்விக்கு வருடம் முழுக்க பலன் உண்டு. ஆனால், கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள்.

பிங்க் உப்பும், `நான் யாரு' என்ற கேள்வியும்

விலையும் தரமும் மட்டும்தான் காரணமா? இல்லை. பிங்க் உப்பைப் பாருங்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள கேவ்ரா சுரங்கப் பகுதிதான் இதற்குப் பேர் போனது. இதுவும் பெருமளவு சோடியம் குளோரைடுதான். அந்த ரோஸ் கலர், இரும்பு கலந்ததால் வருவது. அதிலிருந்து உடம்புக்குப் பெரிதாகச் சத்து சேர வேண்டுமானால், உப்பை ஆபத்தான அளவில் சாப்பிட வேண்டியிருக்கும்! ஆனாலும் ஜாடி விற்கிறது. ஏன்? அதை மேஜையில் வைப்பவர், `நான் ஹெல்த் பார்க்கிற ஆளு' என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார்.

இதைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. அதே அகெர்லோஃப், ரேச்சல் கிரான்டனுடன் சேர்ந்து 2000-ல் எழுதியது இதைப் பற்றித்தான்: நாம் எடுக்கும் முடிவுகளில் `நான் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதிரையில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்கு வரும்போது பெட்டியில் வரும் கோடாலித் தைலத்தை நினைத்துப்பாருங்கள். வலிக்கு எத்தனையோ தைலம் கடைத்தெருவிலேயே கிடைக்கும். ஆனால், அந்தப் பாட்டிலில் தைலத்தோடு `உங்களை நெனச்சு வாங்கினேன்' என்பதும் சேர்ந்து வருகிறது.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோவைத் தேடிப் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்! நாக்கு மாறவில்லை. `எது நம்மளுது' என்ற கேள்வி புதுசாக உள்ளே வந்தது.

இதே கடற்கரையில் அதற்கு இன்னும் பழைய உதாரணம் உண்டு. 1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யம் அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார். வெள்ளைக்கார அரசு வரி போட்ட உப்பு கடையில் கிடைத்தது. அள்ளிய உப்பின் விலையோ சிறை. வெறும் பணக் கணக்கு பார்த்தால், அந்த உப்பை யாரும் எடுத்திருக்கவே மாட்டார்கள்.

பெயர் இல்லாதவருக்கு என்ன மிச்சம்?

இவ்வளவு நேரம் வாங்குபவர் பக்கமே நின்று பார்த்தோம். ஒரு நிமிஷம் உப்பளத்துப் பக்கம் திரும்புவோம்.

பாத்தியிலிருந்து மூட்டையாகக் கிளம்பும் உப்புக்குப் பெயர் கிடையாது என்று பார்த்தோம் இல்லையா? பெயர் இல்லாததால், விலையைச் சொல்லும் அதிகாரமும் கிடையாது. சந்தை சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும். கூடுதல் விலை முழுக்க, பெயர் ஒட்டும் இடத்தில்தான் சேருகிறது. கொளுத்தும் வெயிலில், வெள்ளை உப்பின் எதிரொளி கண்ணைக் கூச, வெடித்த கால்களோடு உப்பு வாருபவருக்கு, 30 ரூபாய் பாக்கெட்டும் 12 ரூபாய் பாக்கெட்டும் ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

2022-ல் தமிழ்நாடு அரசு, உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்நாடு உப்பு நிறுவனம் `நெய்தல்' என்ற பெயரில் உப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடற்கரை நிலத்தின் பெயரையே பாக்கெட்டுக்கு வைத்திருக்கிறார்கள். சேம்பர்லின் பார்த்தால் புரிந்திருக்கும்: பெயர் இல்லாத உப்புக்குப் பெயர் கொடுத்தால்தான், விலை பேசும் நாற்காலியில் உட்கார முடியும்.

அடுத்த தடவை கடையில...

* முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். `அயோடின் கலந்த உப்பு' என்று இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருக்கிறதா, எப்போது பேக் செய்தது? இவை மூன்றும் சரியாக இருந்தால், மலிவான பாக்கெட்டும் தேறிய பாக்கெட்தான்.

* கல் உப்போ, இந்துப்போ, இதே சோதனை. `நேச்சுரல்' என்று எழுதியிருந்தால் அயோடின் இருப்பதாக அர்த்தம் இல்லை.

* அயோடின் ஈரத்திலும் சூட்டிலும் பறந்துபோகும். மூடி போட்ட டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். விலை கூடின உப்பைத் திறந்துபோட்டு வைப்பதைவிட, மலிவான உப்பை மூடி வைப்பது மேல்.

* லோ சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

* எதை வாங்கினாலும் ஒரு கேள்வி: `இதைப் பத்தி நல்லா தெரிஞ்சவர், தன் வீட்டுக்கு எதை வாங்குவார்?' போன் சார்ஜர் என்றால் சர்வீஸ் கடைக்காரர், மாத்திரை என்றால் மருந்தாளுநர், உப்பு என்றால் சமையல்காரர். அவர்களிடமே கேளுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது.

பதில் கிடைத்த பிறகும் உங்களுக்குப் பிடித்த பிராண்டையே எடுக்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். பழக்கத்துக்கும் பாசத்துக்கும் நாலு காசு தருவது குற்றமில்லை. எதற்குத் தருகிறோம் என்று தெரிந்து தந்தால், அது அபராதம் இல்லை, உங்கள் விருப்பம். அவ்வளவுதான் மேட்டர்!